போதிதருமருக்கு யார் சாட்சி?

சென்ற கல்வியாண்டில் முதுகலைத் தமிழ் இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் முதற்படியை நம் மேசைமேல் வைத்துச் சென்றார். தென்னாட்டிலிருந்து புறப்பட்ட பௌத்தத் தியான ஆசிரியர்களின் வரலாறு பற்றிய ஆய்வு. மூன்றாம் இயல் முழுவதும் போதிதருமர். அவர் பிறந்த ஊர் காஞ்சி. தந்தை பல்லவ மன்னர். அம்மன்னரின் பெயர் இன்னது. பிறந்த ஆண்டு இன்னது. சீனம் சென்று தற்காப்புக் கலையையும் மருத்துவத்தையும் கற்பித்தார். ஒரு வரியிலும் ஐயத்தின் நிழல் இல்லை. இத்தனை உறுதி எங்கிருந்து வந்ததென்று அடிக்குறிப்பு 14ஐப் பார்த்தோம். அங்கே நம் பெயர் இருந்தது.

2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு விழா மலரில் நாம் எழுதிய கட்டுரை அது. ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கு நோக்கினும் போதிதருமர் பேச்சாக இருந்த காலம். விழாக் குழுவினர் கேட்டார்கள். நாமும் மேடையில் முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு, அதையே எழுத்தாக்கியும் கொடுத்தோம். மன்னரின் பெயரை எங்கிருந்து எடுத்தோம்? நினைவைத் துழாவிப் பார்த்ததில், ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பும் வேறொரு பேச்சாளரின் உரையும்தான் தென்பட்டன. அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நாம் அன்று கேட்கவில்லை.

மாணவியை அழைத்து, “இதற்கு மூலச் சான்று என்னம்மா?” என்று கேட்டோம். அவர் சற்றே திகைத்து, “ஐயா, நீங்கள் எழுதியதுதானே?” என்றார். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரங்களே இருந்தன. வீட்டில் தாயும் தந்தையும் தீப்பெட்டி ஆலை வேலைக்குச் செல்பவர்கள். அக்குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதற்பெண் அவர். நம் சொல்லை நம்பி ஓர் இயலையே எழுதியிருக்கிறார். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆலங்குளம் அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர். சுண்ணாம்புக்கல்லுக்குக் குறைவில்லை, சீனப் பௌத்தம் பற்றிய நூல்களுக்குத்தான் பஞ்சம். சுற்றுவட்டாரத்தில் எளிதாகக் கைக்கு எட்டுவது மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ ஒன்றே. 1940இல் வெளிவந்த அந்நூலின் அருமையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. அதிலும் போதிதருமர் காஞ்சி அரசகுமாரராகவே அறிமுகமாகிறார். அக்காலத்தில் அவருக்குக் கிட்டிய செய்தி அது. நமக்கோ எண்பது ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன; அவற்றை நாம் பயன்படுத்தாதது அவர் பிழையன்று. சென்னை நண்பர் ஒருவர் வழியாக ஜெஃப்ரி பிராட்டனின் ‘போதிதருமர் தொகைநூல்’ (1999), ஜான் மெக்ரேயின் ‘ஜென்னை ஊடுருவிக் காணல்’ (2003), மெயர் ஷாஹரின் ‘ஷாவோலின் மடாலயம்’ (2008) ஆகிய மூன்று ஆங்கில நூல்களை வரவழைத்தோம். மாணவியும் நாமும் எதிரெதிரே அமர்ந்து, பிற்பகல்தோறும் படித்தோம். படிக்கப் படிக்க நம் முகம்தான் சுருங்கிக்கொண்டே வந்தது.

போதிதருமரைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு கி.பி. 547ஐச் சேர்ந்தது. எழுதியவர் யாங் சுவான்சி. அவர் போதிதருமரின் சீடரல்லர். தியான மரபைப் பரப்ப வந்தவருமல்லர். அழிந்துபோன லோயாங் நகரத்துப் பௌத்தக் கோயில்களின் சிறப்பைப் பதிவு செய்வதே அவர் நோக்கம். அந்நகரத்தில் யோங்னிங் என்றொரு கோயில். 516இல் கட்டப்பட்டு 534இல் எரிந்துபோனது. அதன் வானளாவிய கோபுரத்தைக் கண்டு வியந்து, கைகுவித்து நாட்கணக்கில் நமோ என்று ஓதிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுத் துறவியாகப் போதிதருமர் அங்கே வருகிறார். தமக்கு வயது 150 என்று அவர் கூறிக்கொண்டாராம். சுவரைப் பார்த்து அமர்ந்த செய்தி இல்லை. சீடர் எவரும் இல்லை. தியானம் என்ற பேச்சே இல்லை. அவர் எந்த நாட்டவர் என்கிறார் யாங் சுவான்சி? பாரசீகர் என்கிறார்.

இவ்விடத்தில் மாணவி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “ஐயா, இதையும் எழுத வேண்டுமா?” என்று கேட்டார். நாம் உடனே மறுமொழி கூறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது சான்று தான்லின் என்பவருடையது. இவர் போதிதருமரின் மரபுக்குள் இருந்தவர், 6ஆம் நூற்றாண்டினர். ஆசிரியரின் போதனையாகக் கருதப்படும் சிறுநூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதினார். அதில்தான் முதன்முதலாகப் போதிதருமர் தென்னிந்தியர் என்றும், பேரரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்றும் செய்தி வருகிறது. ஊர்ப்பெயரும் இல்லை, அரசர் பெயரும் இல்லை. மூன்றாவது சான்று தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறு. 645இல் எழுதப்பட்டுப் பின்னரும் திருத்தப்பட்டது. அவரும் தென்னிந்தியர் என்கிறார், ஆனால் அந்தணர் குலத்தவர் என்கிறார். சோங் அரசின் எல்லைக்குள் முதலில் வந்திறங்கியதாகவும் கூறுகிறார். அவ்வரசோ 479இல் முடிந்துபோனது. லியாங் நாட்டு வூ பேரரசரோடு போதிதருமர் உரையாடினாரே, அந்தப் புகழ்பெற்ற காட்சி எங்கே? இம்மூவரில் ஒருவருக்கும் அது தெரியாது. 8ஆம் நூற்றாண்டில்தான் அது தலைகாட்டுகிறது. வூ பேரரசர் ஆட்சிக்கு வந்ததே 502இல். ஆதலால், வந்து இறங்கிய காலத்தைப் பின்னால் தள்ளிப்போட வேண்டிய கட்டாயம் பிற்காலத்தாருக்கு ஏற்பட்டது.

காஞ்சி? 1004இல் தொகுக்கப்பட்ட பெரும் வரலாற்று நூலில் போதிதருமர் ‘சியாங்சி’ என்னும் தென்னிந்திய நாட்டரசரின் மூன்றாம் மகன் எனப்படுகிறார். இந்தச் சியாங்சிதான் காஞ்சி என்பது பிற்கால அறிஞர் சிலரின் ஊகம். ஒலி ஓரளவு ஒத்துப்போகிறது; மறுப்பதற்கில்லை. ஆனால் 640 அளவில் காஞ்சியைப் பற்றி எழுதிய யுவான் சுவாங் அவ்வூர்ப் பெயரை வேறு எழுத்துகளால், ‘சியான்சிபுலோ’ என்னும் ஒலிப்பட எழுதினார். அவர் காஞ்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட சங்காராமங்களும் பத்தாயிரம் துறவியரும் இருந்ததாகச் சொல்கிறார். காஞ்சியில் பிறந்து நாலந்தாவில் புகழ்பெற்ற தருமபாலரின் கதையை, அமைச்சரின் மூத்த மகனான அவர் திருமணத்துக்கு முதல்நாள் இரவு தப்பியோடிய செய்தி உட்பட, விரித்துரைக்கிறார். போதிதருமரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சீனத்திலிருந்து வந்தவர், சீனத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் பிறந்த ஊரில் நிற்கிறார், வாய் திறக்கவில்லை. இது மறுப்புச் சான்றாகாது. எனினும், கேட்டுப் பார்க்க வேண்டிய மௌனம். பல்லவர் செப்பேடுகளிலும் போதிதருமர் இல்லை. நாம் மலரில் எழுதிய அந்த மன்னர் பெயருக்குச் சீன நூலிலும் இடமில்லை, தமிழ்நாட்டுக் கல்வெட்டிலும் இடமில்லை. யாரோ ஒருவர் காலத்தைக் கணக்கிட்டு, அக்காலத்துக்குப் பொருந்தும் பல்லவர் ஒருவரைத் தேர்ந்து தந்தையாக்கிவிட்டார். நாமும் பூமாலை சூட்டினோம்.

தற்காப்புக் கலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. போதிதருமரை உடற்பயிற்சி ஆசானாக்கும் ‘தசைநார் மாற்றும் நூல்’ 1624இல் எழுதப்பட்டது. அதன் பழைமையைக் காட்டச் சேர்க்கப்பட்ட முன்னுரைகள் போலி என்பதைச் சீன அறிஞர்களே நிறுவிவிட்டனர். போதிதருமருக்கும் அந்நூலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல்.

நிற்க. இதையெல்லாம் படித்தபோது நமக்கு நேர்ந்தது அதிர்ச்சியன்று, வெட்கம். ஏனெனில், இவ்வகை வளர்ச்சியை ஆண்டுதோறும் வகுப்பில் பாடமாகவே நடத்துகிறோம். திருநாளைப்போவாரை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவருக்குக் கிடைப்பது ஓர் அடைமொழியும் பெயரும் மட்டுமே. நம்பியாண்டார் நம்பி ஆதனூரையும், பிறப்பையும், தில்லை மூவாயிரவர் கைகூப்பியதையும் சேர்க்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் தீயில் மூழ்கி எழும் காட்சி பேருருக் கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கொடுமைக்கார வேதியரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இன்று நந்தனார் என்றவுடன் மக்கள் மனத்தில் முதலில் எழுவது அந்த வேதியர்தான். எந்த அடுக்கு எந்த நூற்றாண்டினது என்று பிரித்துக் காட்டாத மாணவனுக்கு நாம் மதிப்பெண் குறைத்திருக்கிறோம்.

போதிதருமரின் சீடர் ஹுய்கேயின் கதையும் இப்படியே. தாவோசுவான் எழுதியபடி அவர் கையைக் கள்வர் வெட்டினர். பிற்கால மரபிலோ, தம் உறுதியைக் காட்ட ஆசிரியரின் முன் தாமே கையை வெட்டி வைத்தார். வழிப்பறி ஒன்று வேள்வியாகிவிட்டது. காப்பிய அழகு இரண்டாவதில்தான் உண்டு, ஐயமில்லை. மணிமேகலையில் அறவண அடிகளைப் படித்து உருகும் நாம், அவர் வாழ்ந்தாரா என்று சாத்தனாரை வழக்குமன்றத்துக்கு இழுப்பதில்லை. காப்பியத்தைக் காப்பியமாகப் படிக்கிறோம். போதிதருமரிடம் மட்டும் காப்பியத்தைக் குடும்ப அட்டை போலப் படித்தோம்.

சரி, நடுநிலையான சான்று என்று ஒன்று உண்டா? மாணவி திரும்பத் திரும்பக் கேட்ட வினா இதுதான். தியான ஆசிரியரின் வாழ்வை எழுதுபவர் பெரும்பாலும் அவருடைய மாணவர். அருகிலிருந்து கண்டவர் அவரே. ஆகவே அவரைத் தள்ள இயலாது. அன்பு கொண்டவரும் அவரே. ஆகவே அப்படியே ஏற்கவும் இயலாது. யாங் சுவான்சி போன்ற புறத்தார்க்கு ஆசிரியரை உயர்த்திக் காட்டும் தேவையில்லை. அதனாலேயே அவர் குறிப்புக்கு எடை அதிகம். ஆனால் அக்கறையில்லாதவர் கவனமின்றியும் எழுதக்கூடும். சந்தையில் கண்ட வெளிநாட்டவரையெல்லாம் பாரசீகர் என்று சொல்லும் வழக்கம் அந்நகரில் இருந்திருக்கலாம். பெயரொத்த வேறொரு துறவியாகவும் இருக்கலாம். நம் கருத்து இதுதான்: சார்பில்லாத சாட்சியைத் தேடி அலைவது வீண். ஒவ்வொரு சாட்சியும் எப்போது பேசினார், யாருக்காகப் பேசினார், இதைச் சொல்வதால் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதே ஆய்வு. தான்லினுக்குத் தம் ஆசிரியரை அரசகுமாரராக்குவதில் நாட்டம் இருந்திருக்கலாம். புத்தரே அரசகுமாரர் அல்லவா! ஆனால் தென்னிந்தியர் என்று சொல்வதில் அவருக்குத் தனி ஆதாயம் எதுவும் நமக்குத் தெரியவில்லை. ஆதலால் ‘தென்னிந்தியர்’ என்பதை நாம் ஏற்கிறோம், ‘மூன்றாம் மகன்’ என்பதை மரபுச் செய்தி என்கிறோம், ‘காஞ்சி’யை ஊகம் என்கிறோம், மன்னர் பெயரை அடித்துவிடுகிறோம்.

இந்த அளவுகோலால் வேறு ஆசிரியர்களை அளந்தால் சில இடங்களில் நாம் எதிர்பாராத செல்வம் கிடைக்கிறது. ‘விசுத்திமக்கம்’ என்னும் மாபெரும் தியான நூலை இயற்றிய புத்தகோசரைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட மகாவம்சத்தின் தொடர்ச்சி, அவர் போதிமரத்துக்கு அருகே பிறந்த வடநாட்டு அந்தணர் என்கிறது. மியன்மார் மரபு அவரைத் தன்னவர் என்கிறது. அவரோ தம் உரைநூல்களின் இறுதிக் குறிப்புகளில், மயூரசுத்தபட்டணத்தில் தம்மோடு வாழ்ந்த புத்தமித்திரர் வேண்டியதையும், காஞ்சிபுரத்தில் உடனிருந்த சோதிபாலர் வேண்டியதையும் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். உறையூரினராகக் கருதப்படும் புத்ததத்தரும் அவ்வாறே, சோழ நாட்டுக் காவிரிப்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் இருந்து எழுதியதைத் தம் நூல்களிலேயே பதிந்திருக்கிறார். இவை பெருமைக்காகச் சொன்னவை அல்ல, கேட்டவருக்கு நன்றி சொல்ல வந்த இடத்தில் ஊர்ப்பெயர் தானாக விழுந்திருக்கிறது. காஞ்சிக்குத் தியான நூலாசிரியர் ஒருவரோடு உள்ள உறவுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? ஆனால் புத்ததத்தரை வைத்து யாரும் திரைப்படம் எடுக்கவில்லை. அவரை மேடையில் பேசியவர்களும் குறைவு, நம்மையும் சேர்த்து.

அண்மைக் கால ஆசிரியர்களிடம் வந்தால் எளிதாக இருக்கும் என்று மாணவி எண்ணினார். அங்கும் அப்படியில்லை. எஸ். என். கோயங்கா 1924இல் மாண்டலேயில் பிறந்தார், தீராத ஒற்றைத் தலைவலியோடு சயாஜி ஊ பா கினிடம் சென்றார், 1969இல் இந்தியா வந்து விபசனைப் பயிற்சியைத் தொடங்கினார், 2013இல் மறைந்தார். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் அவர் வழிவந்த மையம் இயங்குகிறது. இவற்றில் ஐயம் இல்லை. ஆனால் அவருடைய வாழ்வைப் பற்றி நம் கைக்கு வருபவற்றில் பெரும்பகுதி அவருடைய உரைகள், அவர் நிறுவனத்தின் வெளியீடுகள், மாணவர்களின் நினைவுகள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. தந்தையின் வரலாற்றைப் பிள்ளைகள் மட்டுமே எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஊ பா கின் 1948இல் விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர் ஆனார். இதை அரசு ஆவணம் கொண்டு சரிபார்க்கலாம். அவர் தியானத்தில் எந்நிலை எய்தினார் என்பதற்கு எந்த அரசிதழிலும் அறிவிப்பு வராது. அதை வாழ்க்கை வரலாற்றாசிரியன் ‘மாணவர்கள் இவ்வாறு நம்புகின்றனர்’ என்று எழுதி நகர வேண்டியதுதான். மரபுக்கு வெளியே நின்று பரிவோடும் எழுத முடியும் என்பதற்கு, லெடி சயாடோவைப் பற்றி எரிக் பிரவுன் 2013இல் வெளியிட்ட ஆங்கில நூல் நல்ல எடுத்துக்காட்டு. துறவியை ஆங்கிலேயர் ஆண்ட பர்மாவின் அரசியலுக்குள் வைத்து, லெடி சயாடோவின் எழுத்துகளைக் கொண்டே எழுதியிருக்கிறார். தமிழில் அப்படி ஒரு நூல் நமக்கு வேண்டும்.

இடையில் ஒரு ஞாயிறன்று மாணவியையும் உடன் பயில்வோர் சிலரையும் வெம்பக்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். நம் ஊருக்கு அருகில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 முதல் தொல்லியல் துறை அகழாய்வு நடத்திய இடம். சங்கு வளையல் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொருள்களும் கிடைத்த குழிகள். அங்கு எடுக்கப்பட்ட உடைந்த வளையல் துண்டுக்கும் எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று குறிப்பு எழுதுவார்கள். மேலடுக்கில் கிடைத்ததைக் கீழடுக்கில் கிடைத்ததாகச் சொன்னால் அது களவு. மாணவி வெகுநேரம் குழியின் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது பேருந்தில், இயலை நூற்றாண்டு வாரியாகப் பிரித்து எழுதிவிடுவதாகச் சொன்னார். அந்த யோசனை அவருடையது, நம்முடையதன்று.

தமிழரின் பெருமையைக் குறைக்கும் வேலை இது என்று சில நண்பர்கள் சினந்தார்கள். ஒருவர், “பிறர் தம் கதைகளை வரலாறு என்கிறார்கள், நாம் மட்டும் ஏன் சான்று கேட்டுச் சாக வேண்டும்?” என்றார். அவர் ஆற்றாமை நமக்குப் புரிகிறது. நூற்றாண்டுக் கணக்கில் புறக்கணிக்கப்பட்ட மக்களுக்குப் பெருமை சிறிதேனும் வேண்டியிருக்கிறது. ஆனால் சிவகாசியிலிருந்து இரு இளைஞர் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர் என்பதைப் பெருமையோடு சொல்கிறோமே, அதற்கு இட்டுக்கட்டிய அரச பரம்பரை தேவைப்பட்டதா? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அரசகுமாரர் அல்லர் என்பதுதான் அக்கதையின் அழகே. நூறாண்டுக் கதையே மேடைக்கு மேடை சற்று மாறி ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கதை, மூன்று மொழிகளைக் கடந்து, எப்படி மாறாதிருக்கும்?

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் சற்றே கடுமையானவர். “அப்படியானால் போதிதருமர் தமிழர் இல்லை என்கிறாயா?” என்று கேட்டார். மாணவி, “இல்லை ஐயா. தென்னிந்தியர் என்று அவர் மரபினர் 6ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். தமிழர் என்று 20ஆம் நூற்றாண்டில் நாம் எழுதியிருக்கிறோம். இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்” என்றார். தேர்வாளர் பக்கங்களைப் புரட்டி, அடிக்குறிப்பு 14இல் நின்றார். நம்மை ஒருமுறை பார்த்தார். அங்கே நம் பெயர் இன்னும் இருந்தது. பிழையான கூற்றுக்கு எடுத்துக்காட்டாக இருந்தது. நீக்கிவிடட்டுமா என்று மாணவி முன்பே கேட்டிருந்தார், வேண்டாம் என்றோம்.

கல்லூரி நூலகத்தில் இருந்த அம்மலரின் படியை வாங்கி, நம் கட்டுரையின் முதற்பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறோம். அன்று அம்மலரில் ஐந்நூறு படிகள் அச்சிட்டார்கள். மற்றவை எவரெவர் வீட்டுப் பரணில் இருக்கின்றனவோ தெரியாது. கைவசம் வைத்திருப்போர் 23ஆம் பக்கத்தைப் பிரித்து, மன்னர் பெயர் வரும் வரியையும் பிறந்த ஆண்டு வரும் வரியையும் பேனாவால் அடித்துவிட வேண்டுகிறோம்.